மழையைக் கூட்டிவரப் போன சுருளிவேல்

சிலமலையில் என் தங்கச்சி ஆயம்மாள் வீட்டு வாசலில் ஒரு கறுப்பு பைக் நிற்கும். அது அவள் புருஷன் சுருளிவேலுடையது. ஆயம்மாள் எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை, சித்தப்பா மகள். எங்கள் சித்தப்பாவுக்கு ராசிங்காபுரத்தில் பெண் எடுத்தார்கள். அந்தச் சித்தியின் அண்ணன் மகன்தான் சுருளிவேல். அதனால் அவள் பிறந்த அன்றைக்கே இவருக்குத்தான் என்று ஆகிப்போனது. எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த வருஷம் பங்குனி மாதம் ஒரு நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுருளிவேல் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"மச்சான், இந்த வருசம் மழையக் கூட்டியாரப் போறேன்."

"எங்க போய் மாப்ளே?"

"கடலுக்கு."

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயம்மாள் கையிலிருந்த காம்பை அப்படியே போட்டாள்.

"கேட்டீகளாண்ணே? நாப்பது வருசம் மழையில நனஞ்சு, அட்டக்கடி வாங்கி, கால் வெரலெல்லாம் வெந்து கெடந்தேன். இப்பத்தான் காஞ்ச தரையில கால வெக்கிறேன். இவுக மழையத் தேடிப் போறாகளாம்!"

"ஒன்னைய யாரு கூப்பிட்டா?"

"கூப்பிட்டாலும் வரமாட்டேன். நல்லாக் கேட்டுக்கங்க."

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு பேருமே மலைக்கு மேலே கேரளத்தில், பூப்பாறைக்கு அந்தப்புறம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். அவள் காய் எடுப்பாள். ஏலக்காய் மரத்தில் தொங்கும் பண்டம் இல்லை. செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். அதுவும் மழைக்காலத்தில்தான் காய் வரும். தலையில் கொங்காணி என்று பிளாஸ்டிக் தாளை மடித்துப் போட்டுக்கொண்டு, காலையில் விசில் ஊதினால் குனிந்தவள் சாயந்தரம் விசில் ஊதினால்தான் நிமிருவாள்.

சுருளிவேல் அங்கே ஸ்டோர் பார்த்தார். பச்சைக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, அடியில் விறகு எரித்து, அந்தச் சூட்டில் காயவைக்கும் கூடத்துக்குத்தான் அந்தப் பெயர். வெளியே மழை கொட்டும், உள்ளே அனல் அடிக்கும். நடுவில் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். அங்கே உட்கார்ந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. வைகாசி பாதியில் மேற்கு மேட்டுக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறி வரும். மூன்று நான்கு மாதம் விடாது. அந்த மழை வந்தால்தான் செடி காய்க்கும். செடி காய்த்தால்தான் இவர் அடுப்பு எரியும், வீட்டு அடுப்பும் எரியும்.

"இது எங்கிருந்துய்யா வருது?" என்று ஒரு நாள் மலையாளி சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார்.

"கடலீந்நு வருந்நதா, சுருளியண்ணா. எடவப்பாதிக்கு" என்றாராம் அவர். கடலிலிருந்துதான் வருகிறதாம். எடவப்பாதி என்றால் அவர்கள் கணக்கில் வைகாசி பாதி.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் மழைக்கு முந்தின மாதத்தில்தான் ஸ்டோருக்கு விறகு சேர்க்க வேண்டும். மழை வந்தபிறகு நெருப்பை விட்டு நகர முடியாது. ஆகையால் வேலையில் இருந்த வரைக்கும் போகவே முடியவில்லை. வேலையை விட்டு, மகள் சுகன்யாவைக் கட்டிக்கொடுத்து, சிலமலையில் வீடும் பார்த்து உட்கார்ந்தபிறகுதான் இந்தப் பைக்கை வாங்கினார்.

"சம்பந்தகாரவுக வந்தா ஊர் எல்லைக்குப் போய்க் கூட்டியாரமில்ல மச்சான்? நம்மளுக்கு இத்தனை வருசம் கஞ்சி ஊத்தின மழைய ஒரு தடவையாச்சும் எல்லைக்குப் போய்க் கூட்டியார வேணாமா?"

நான் சரி என்றேன்.

வழி இப்படி. கத்திரி வெயிலோடு போடியிலிருந்து தேனி, உசிலம்பட்டி, விருதுநகர், திருநெல்வேலி என்று போய்க் கன்னியாகுமரியில் கடலைப் பிடிப்பது. அங்கிருந்து கடலோரமாகவே கொல்லம் போய், மழை இறங்குகிற நேரத்துக்கு நின்றுகொள்வது. பிறகு மழைகூடவே கோட்டயம், குமுளி, பூப்பாறை என்று மலையேறி, போடிமெட்டு வழியாக வீட்டுக்கு இறங்குவது. போகும்போது வெயில், வரும்போது மழை. வைகாசி பாதிக்குள் கொல்லம் போய்ச் சேரவில்லை என்றால் மழை இவரைத் தாண்டி வந்துவிடும். அப்புறம் போனது வீண்.

வழியில் யார் யார் வீட்டில் தங்கலாம் என்று என்னிடம் கேட்டார். எனக்கு அது மட்டும்தான் தெரியும், சொன்னேன். விருதுநகரில் நம் ஒச்சம்மாள் அத்தையின் பேத்தி முத்துப்பிரியா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கோவில்பட்டியில் அவள் நாத்தனார். வள்ளியூரில் என் மூத்த மருமகனின் பெரியப்பா வீடு. நாகர்கோவிலில் அந்தப் பெரியப்பாவின் சகலை.

ஆயம்மாள் சிரித்தாள். "இந்த வீட்டுல சாப்பிட்டு அந்த வீட்டுல சாப்பிடாம வந்தா அவுக மொகத்துல முழிக்க முடியுமா? ஒவ்வொரு வீட்டுலயும் கறி எடுத்து ஆக்கிப் போட்டாகன்னா இவுக கடலுக்குப் போய்ச் சேர தீவாளி ஆயிரும்."

போடியில் மெக்கானிக் ஜக்கையன் இன்ஜினைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒன்று சொன்னான். "அண்ணே, நீங்க மொட்ட வண்டியத்தான் ஓட்டியிருக்கீக. லோடு கட்டினா வண்டி வேற மாதிரி போகும். வெயில்ல தார் எளகும், மழையில வழுக்கும். ரெண்டுலயும் லோடு கட்டி ஓட்டிப் பழகிக்கங்க."

வெயிலும் மழையும் ஒரே நாளில் வேண்டுமென்றால் எங்கள் ஊர்க்காரர் வேறெங்கும் போக வேண்டாம். சித்திரையில் கீழே சிலமலை அடுப்பாய்க் கொதிக்கும். முந்தல் தாண்டி மலையேறி, வளைவு வளைவாகப் போடிமெட்டுக்குப் போனால் மத்தியானத்துக்கு மேல் இடியோடு கோடைமழை கொட்டும். ஏறிப்போய் நனைவது, இறங்கிவந்து காய்வது. லோடுக்கு இரண்டு சாக்கில் செங்கல் அடுக்கிப் பின்சீட்டில் கட்டினார்.

அங்கேதான் வினை பிடித்தது.

பக்கத்து வீட்டுச் சோலையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மகள் பவித்ரா மேலே எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருக்கிறாள்.

"என்னண்ணே, செங்கல்ல மேல கொண்டுபோய் எறக்கவா போறீக?"

"இல்லத்தா. சும்மாதான். திருப்பிக் கொண்டாந்துருவேன்."

"சும்மா செங்கல்லச் செமக்கிறதுக்கு எம்மகளுக்கு ரெண்டு தூக்குவாளி இட்லி மாவக் கொண்டுபோய்க் குடுங்களேன். அதுவும் கனந்தான்!"

அதில் என்ன தப்பு இருக்கிறது? சுருளிவேல் கொஞ்சம் செங்கல்லை இறக்கிவிட்டு மாவை ஏற்றினார். அன்றைக்கு அடித்த வெயிலில் மாவு பாதி மலையிலேயே பொங்கிவிட்டது. மூடி தெறித்து, வளைவில் திரும்பும்போது முதுகெல்லாம் மாவு. மேலே போனால் மழை பிடித்துக்கொண்டது. பவித்ரா வீட்டு வாசலில் போய் நின்றபோது சட்டையிலிருந்து வெள்ளை வெள்ளையாய் வடிந்ததாம்.

"மாமா, மாவு எங்க?" என்று கேட்டிருக்கிறாள் பவித்ரா.

"எம்மேலதான்த்தா இருக்கு. தோசைக்கல்லக் கொண்டா, நான் ஏறிப் படுத்துக்கிறேன்" என்றாராம்.

இது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. சிரித்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் சுருளிவேல் லோடு கேட்கிறார் என்றும் தெரிந்துவிட்டது. மலைக்குத் தினமும் ஜீப்பு போகத்தான் செய்கிறது. ஜீப்புக்காரன் முக்குரோட்டில் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போவான், மனுஷன் வாசல் வரைக்கும் கொண்டுபோக மாட்டான். இவரோ வாசலில் நின்று, சௌக்கியம் கேட்டு, பதிலையும் கீழே கொண்டுவந்து சொல்வார். ஒரு நாள் முருங்கைக்காய்க் கட்டு. ஒரு நாள் தைத்த சட்டை. ஒரு நாள் பக்கத்துத் தெருப் பிச்சைமணி, மேலே எஸ்டேட்டில் இருக்கும் தன் ஆத்தாவுக்குக் கொடுத்துவிட்ட மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல் இறங்கியது. கடைசியில் செங்கல்லே இல்லை.

தேவாரத்திலிருந்து தங்கபாண்டி என்றொருவர் ஒரு சேவலையே கொண்டுவந்துவிட்டார், மேலே மச்சினன் வீட்டில் கொடுக்கச் சொல்லி. சேவல் சாக்குக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வழியெல்லாம் கூவியது. முந்தல் செக்போஸ்டில் நின்றவர் வண்டியை மறித்து, "முன்னால ஒக்காந்தவரு ஹெல்மெட் போட்டுருக்காரு. பின்னால ஒக்காந்தவருக்கு எங்கய்யா?" என்று கேட்டிருக்கிறார்.

இப்படியே சித்திரை போனது. வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுநாள் கிளம்புவது என்று வைத்திருந்தார். மறுநாள் பிச்சைமணி வந்து நின்றான். "ஆத்தாவுக்கு மாத்திர தீந்துபோச்சு மாமா. இன்னைக்கு மட்டும்." அதற்கடுத்த நாள் சோலையம்மாள். அதற்கடுத்த நாள் வேறொருவர். எல்லோரும் இன்றைக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். சுருளிவேலுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. அவர் அப்பா அமாவாசையும் அப்படித்தான். கேட்டவனுக்கெல்லாம் உழவுமாட்டைக் கொடுத்துவிட்டுத் தன் காட்டைக் கடைசியாக உழுதவர்.

வைகாசி பிறந்தது. டி.வி.யில் இந்த வருஷம் கேரளாவில் மழை முந்திக்கொள்ளும் என்று சொன்னார்கள். அன்று சாயந்தரம் என் வீட்டுக்கு வந்தார். மேற்கே மலையைப் பார்த்தபடியே திண்ணையில் உட்கார்ந்தார்.

"மழை என்னைய விட்டுட்டு வந்துரும் போலருக்கு மச்சான்."

"நாளைக்கே கெளம்புய்யா."

"நாளைக்குப் பவித்ரா வீட்டுக்கு அரிசி ஏத்தறேன்னு சொல்லிட்டேனே."

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று நான் வாய் தவறிச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அடுத்த வருசம் ஒடம்பு எப்பிடி இருக்குமோ மச்சான். இப்பவே மலையேறி வந்தா இடுப்பு ரெண்டு நாளைக்குப் பேசுது. இப்பப் போனாப் போனதுதான். இல்லேன்னா வண்டிய நம்ம சுகன்யா புருசன் ராம்பிரசாத்துக்கிட்டக் குடுத்துருவேன். வாசல்ல நிக்கிறதப் பாக்கப் பாக்க மனசு கேக்க மாட்டேங்குது."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். தங்கச்சிக்குப் போன் போட்டு அப்படியே சொல்லிவிட்டேன். அவள் "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் நானும் சிலமலைக்குப் போனேன். சுருளிவேல் ஓர் ஆசைக்குத் தன் பையைப் பின்சீட்டில் கட்டி வைத்திருந்தார். சோலையம்மாள் அரிசிச் சாக்கோடு வந்தாள். பிச்சைமணி மாத்திரையும் முருங்கைக்காயுமாக வந்தான். சுருளிவேல் இரண்டு பேரையும் பார்த்தார், பையைப் பார்த்தார், கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். சொந்தப் பையை இறக்கிவிட்டு அடுத்தவர் அரிசியை ஏற்றப் போகிறார்!

"இந்தாருங்க, பையக் கீழ எறக்காதீக" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

ஆயம்மாள் வெளியே வந்தாள். சுங்குடிச் சேலையை வரிந்து கட்டியிருந்தாள். தலையில் மருமகன் ராம்பிரசாத்துடைய ஹெல்மெட். கக்கத்தில் எஸ்டேட்டில் போட்ட அந்தப் பழைய கொங்காணி, மடித்தபடி. அவர் அவிழ்த்த பையைத் தூக்கி முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் வைத்தாள். பிறகு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

சோலையம்மாள் அரிசிச் சாக்கைக் கீழே இறக்கினாள்.

"என்ன மதினி, எங்க போறீக?" என்றாள் சோலையம்மாள்.

"கடலுக்கு."

"அப்ப அரிசி?"

"நீயே பாரு. எங்க வெக்க? என் தலையிலயா?"

"மாத்திர மட்டுமாவது..." என்று இழுத்தான் பிச்சைமணி.

"ஏன்டா, ஒங்க ஆத்தாவப் பாத்து எம்புட்டு நாளாச்சு? மாத்திரைய மாமாகிட்டக் குடுத்தனுப்பிட்டா மகன் கடமை முடிஞ்சுபோச்சா? ஜீப்புல ஏறி நீ போ. போயி ஆத்தா கையால ஒரு வாய் சோறு தின்னுட்டு வா."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அன்றைக்கே போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அரிசிச் சாக்கும் அவனோடுதான் ஜீப்பில் போனது.

சுருளிவேல் இன்னும் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். "நீதான் மழையே ஆகாதுன்னியே?"

"மழை ஆகாதுன்னு எப்பச் சொன்னேன்? நனஞ்சது போதும்னேன். சோலி இல்லாம ஒரு மழையப் பாத்ததில்ல நான். அது எப்பிடித்தான் இருக்குன்னு பாத்துட்டு வருவோம். வெரசா வண்டிய எடுங்க, அடுத்த ஆளு வந்துரப் போகுது."

நான் முத்துப்பிரியாவுக்குப் போன் பண்ணவா என்று கேட்டேன். ஆயம்மாள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே முறைத்தாள். "அண்ணே, ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. சொன்னீகன்னா அங்கங்க ரோட்டுல எலையப் போட்டுக்கிட்டு நிப்பாக." வண்டி கிளம்பிப் போனது. என் வாழ்நாளில் சொந்தக்காரர் விஷயத்தை ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது அந்த ஒரு தடவைதான்.

மற்றதெல்லாம் இரண்டு பேரும் போனில் சொன்னதும், வந்து சொன்னதும்.

விருதுநகர் தாண்டியதும் வெயில் அடித்த அடியில் துண்டை நனைத்துத் தலையில் போட்டால் ஹெல்மெட் மாட்டுவதற்குள் காய்ந்துவிட்டதாம். இவருக்கு அது ஸ்டோர் ஞாபகத்தைக் கொண்டுவந்துவிட்டது. "பச்சக்காயா ஏறினோம் மச்சான், சுக்காக் காஞ்சு வந்து சேந்தோம்" என்றார் கன்னியாகுமரியிலிருந்து. பகலில் புளியமர நிழலில் படுப்பது, வெயில் தாழ்ந்தபிறகு ஓட்டுவது என்று போயிருக்கிறார்கள். ஆயம்மாள் பின்னால் உட்கார்ந்தபடி வருகிற லாரியையெல்லாம் திட்டிக்கொண்டே போயிருக்கிறாள். வள்ளியூரைக் கடக்கும்போது மட்டும், யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாளாம்.

கொல்லத்துக்கு வடக்கே ஒரு மீன்பிடிக் கிராமத்தில் வண்டி நின்றது. வானம் அதுவரைக்கும் வெளுப்பாகத்தான் இருந்ததாம். மழை இன்னும் இறங்கவில்லை. சுருளிவேல் நிம்மதியாய் மூச்சு விட்டு, கடலைப் பார்த்தபடி ஒரு சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றும் உட்கார்ந்தார்கள், மறுநாளும் உட்கார்ந்தார்கள். அதற்கும் மறுநாள் சாயந்தரம் கடலுக்கு மேல் கறுக்கத் தொடங்கியது.

உடனே ஆயம்மாள் மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்தாள். புகையிலைத் தூளும் உப்பும் கலந்த முடிச்சு. மலையில் மழை என்றால் அட்டை இருக்கும். இந்த முடிச்சைத் தண்ணீரில் நனைத்துக் காலில் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாது. அவள் பாட்டுக்கு முழங்கால் வரைக்கும் தேய்த்தாள். அவருக்கும் தேய்த்துவிட்டாள். சாயாக்கடைக்கார அம்மாள் என்ன இது என்று கேட்டிருக்கிறாள்.

"அட்டைக்கு" என்றாள் இவள்.

"அட்டயோ? இவிடயோ?" என்று அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் டம்ளர் விழுந்ததாம். கடற்கரை மணலில் ஏது அட்டை? மழை இருந்தால் அட்டை இருக்கும் என்பது இவர்களுக்கு நாற்பது வருஷத்துப் பாடம். மழையைத் தனியாகவும் அட்டையைத் தனியாகவும் இவர்கள் பார்த்ததே இல்லை. புகையிலை நெடியில் அடுத்த பெஞ்சில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குள் மழை வந்துவிட்டது. தூரத்தில் கடல்மேல் வெள்ளைப் படுதாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி வந்ததாம். சுருளிவேல் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் ஓடினார். தண்ணீர் ஓரத்தில் நின்று, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மாதிரி இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார்.

"நீ என்ன செஞ்சேம்மா?" என்று ஆயம்மாளைக் கேட்டேன்.

"பழக்கத்துக்குக் கொங்காணியத் தலையில போட்டேண்ணே. அப்பறம் எதுக்குன்னு தோணுச்சு. எடுத்துப் பெஞ்சுல வச்சுட்டு நானும் எறங்கினேன். நல்லா நனஞ்சேன். ஒரு விசில் இல்ல, வையிறதுக்கு ஆளில்ல. சும்மா நின்னேன். குனியவே இல்லண்ணே." பிறகு, "நல்லாத்தான் இருக்கு மழை" என்றாள்.

திரும்பி வரும்போது மழை கூடவே வந்தது. கோட்டயத்தில் பெய்தது, குமுளியில் பெய்தது. பூப்பாறைக்கு அந்தப்புறம் பழைய எஸ்டேட் கேட்டில் வண்டியை நிறுத்தி, "கொண்டாந்து விட்டுட்டேன், பாத்துக்கங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தாராம் சுருளிவேல். போடிமெட்டில் கைகால் விறைக்கிற சாரல். அங்கிருந்து இறங்க இறங்க மழை மெலிந்துகொண்டே வந்து, முந்தலில் சுத்தமாக நின்றுவிட்டது. எப்போதும் அப்படித்தான். அந்த மழை மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்காது. காற்றை மட்டும் அனுப்பும். அந்தக் காற்றிலேயே துணி காய்ந்து, சிலமலைக்கு வரும்போது இரண்டு பேரும் மொடமொடவென்று இருந்தார்கள்.

நான் வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். சோலையம்மாளும் இருந்தாள். வண்டி நின்றதும் அவள் சும்மா இருப்பாளா?

"அண்ணே, நல்லபடியா வந்துட்டீகளா? நாளைக்கு மேல போவீகளாண்ணே? பவித்ராவுக்குக் கொஞ்சம் மாவு..."

சுருளிவேல் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து சரி என்பதைத் தவிர வேறு எதுவும் வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆயம்மாள் இன்னும் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"போவோம்த்தா. வாளியக் கொண்டா, நான் மடியில வச்சுக்கிறேன். ஆனா நானும் போவேன். பவித்ரா சுடுற தோசையில மொதத் தோசை எனக்கு."